வண்டி ரேடியோ கரகரக்கிறதா? கடைக்கு ஓடுமுன் கொஞ்சம் காது கொடுங்கள்

வியாபாரிக்குக் கடை பாதி, வண்டி பாதி. கொள்முதலுக்கு ஒரு நாள், வசூலுக்கு இரண்டு நாள், நல்லது கெட்டதுக்கு ஒரு நாள் என்று வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் போகிறது. அந்த நேரத்தில் நமக்குத் துணை வண்டியில் இருக்கும் ரேடியோ. காலைச் செய்தியும் பழைய பாட்டும் அதில்தான். தூக்கம் வராமல் டிரைவருக்குத் துணையாக இருப்பதும் அதுதான்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? டயரைத் தட்டிப் பார்ப்போம், ஆயிலை அளந்து பார்ப்போம், சர்வீசுக்குத் தேதி குறித்து வைப்போம். ரேடியோ கரகரத்தால் மட்டும், "கம்பெனி செட் அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவோம். நாமும் 2018-இல் வாங்கிய வண்டியில் ஆறு வருடத்துக்கு மேல் அப்படித்தான் விட்டு வைத்தோம். அதற்கு நாம் கொடுத்த விலை 16,000 ரூபாய். அந்தக் கதையைச் சொன்னால் நம் சங்கத்து அன்பர்கள் சிலருக்காவது பயன்படும் என்பதால் இதை எழுதுகிறோம்.

காதில் விழுந்த நஷ்டம்

சென்ற ஆண்டு ஆடி மாதம். வத்தலக்குண்டு, பெரியகுளம் பக்கம் வசூலுக்குப் போயிருந்தோம். டிரைவர் தம்பி ஓட்டினார். நாம் பக்கத்து இருக்கையில். நமது தரகர் போனில் வந்தார். போன் வண்டி செட்டோடு சேர்ந்திருந்ததால் அவர் குரல் கதவு ஸ்பீக்கரில் வந்தது. கண்ணாடி இறக்கி இருந்தது, காற்று இரைச்சல் வேறு. கடலைப் பருப்பு இன்று என்ன போகிறது என்று கேட்டோம். அவர் சொன்னது "தொண்ணூத்தாறு". நம் காதில் விழுந்தது "நூத்தாறு".

விலை ஏறிவிட்டது என்று மனதில் பதிந்துவிட்டது. அன்று மாலையே இன்னொரு பார்ட்டி 104 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். இரண்டு ரூபாய் லாபம் என்று கணக்குப் போட்டு, 50 கிலோ மூட்டையில் 40 மூட்டைக்குப் பேசி முடித்தோம். மறுநாள் காலை தரகரிடம் பேசியபோதுதான் உண்மை தெரிந்தது. 2,000 கிலோவுக்குக் கிலோவுக்கு 8 ரூபாய் வீதம் 16,000 ரூபாய் கைநஷ்டம்.

தரகர் மீது தப்பில்லை. சரக்கு விற்றவர் மீதும் தப்பில்லை. நாம் பேச்சு மாறவும் இல்லை. பேசிய விலையைக் கொடுத்துவிட்டோம். நாற்பது வருட வியாபாரத்தில் இதைவிடப் பெரிய நஷ்டமெல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் இந்த முறை ஏமாந்தது சரக்கிலோ எடையிலோ அல்ல, சத்தத்தில் என்பதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது.

42,000 ரூபாய் வைத்தியம்

அந்த வாரமே கார் அக்சஸரீஸ் கடை ஒன்றுக்குப் போனோம். கடைக்காரர் செட்டை ஒரு நிமிடம் போட்டுக் கேட்டார். புது டச் ஸ்கிரீன் செட், நாலு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் வைக்க சப்-ஊஃபர், எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். "இது போட்டால் தியேட்டர் மாதிரி இருக்கும் சார்" என்றார். வத்தலக்குண்டு ரோட்டில் நமக்கு எதற்குத் தியேட்டர்? தரகர் சொல்லும் ரேட்டு தெளிவாகக் கேட்டால் போதும். இருந்தாலும் போட்டுவிடலாம் என்ற முடிவோடுதான் கடைக்குத் திரும்பினோம்.

நமது கடைக்கு மாதச் சாமான் வாங்க வரும் பெரியவர் ஒருவர் உண்டு. வால்வு ரேடியோ காலத்திலிருந்து மெக்கானிக். அன்று அவர் வந்திருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, வியாதி என்னன்னு பார்க்காமலே மருந்து எழுதிட்டாரே. ஞாயித்துக்கிழமை வண்டியை நம்ம வீட்டுப் பக்கம் கொண்டாங்க. முதல்ல பார்ப்போம், அப்புறம் வாங்குவோம்" என்றார்.

வானத்தில் இருந்து வரும் அலை நம் காதுக்கு வந்து சேர வழியில் ஐந்து செக்போஸ்ட் இருக்கிறது என்றார் அவர். ஏரியல், செட், ஸ்பீக்கர், கதவு, கடைசியாகக் காது. எந்த இடத்தில் சரக்கு நிற்கிறது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் பணம் கட்டக் கூடாது என்பது அவர் கட்சி. வியாபாரி ஒத்துக்கொள்ள வேண்டிய கட்சிதான்.

செலவில்லாத முதல் சோதனை

அவர் முதலில் தொட்டது ரேடியோவையே அல்ல. சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகியிருந்த 150 ரூபாய் போன் சார்ஜரைப் பிடுங்கினார். கரகரப்பில் பாதி அந்த நொடியே நின்றது! நமக்கு வெட்கமாகப் போய்விட்டது.

காரணம் இதுதான். வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டை போனுக்கு வேண்டிய 5 வோல்ட்டாக்க, அந்தச் சார்ஜர் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு விட்டு வெட்டுகிறது. நல்ல சார்ஜரில் அந்த இரைச்சல் வெளியே வராமல் வடிகட்டி வைத்திருப்பார்கள். மலிவுச் சார்ஜரில் வடிகட்டி இருக்காது. இரைச்சல் எஃப்.எம். அலைக்குள்ளேயே போய் விழுகிறது. கண்ணாடியில் ஒட்டும் கேமரா, வெளியில் வாங்கிப் போட்ட எல்.இ.டி. பல்பு இவையும் இதே வேலையைச் செய்யும். ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். பைசா செலவில்லாத சோதனை.

எதிரே மலை, உள்ளே இரைச்சல்

அடுத்தது ஏரியல். இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதன்முதலாக 1977-இல் நம் சென்னையில்தான் தொடங்கியது. எஃப்.எம். அலை மத்திய அலை போலத் தரையோடு வளைந்து போவதில்லை. பெரும்பாலும் கண்ணுக்கு எட்டும் தூரம்தான் நன்றாகப் போகும். அதனால்தான் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் இருந்து 100.5-இல் வரும் வானொலி, கீழே இத்தனை மாவட்டங்களுக்குக் கேட்கிறது.

பெரியவர் இதை வைத்தே ஒரு கணக்குச் சொன்னார்: "மலைக்குப் பின்னாடி போய் ரேடியோ நின்னா அதை யாராலும் சரி பண்ண முடியாது. எதிரே கொடை மலை தெரியுது, அப்பவும் கரகரங்குதுன்னா கோளாறு மலையில இல்ல அண்ணாச்சி, வண்டியில."

எஃப்.எம். அலைவரிசை 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. நூறு மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர் கம்பி இருந்தால் அலையை நன்றாகப் பிடிக்கும். பழைய அம்பாசடர் கார்களில் இழுத்து விடும் நீளக் கம்பி இருந்ததன் சூட்சுமம் அதுதான். இப்போது அழகுக்காக ஒரு சாண் குச்சியோ, சுறா மீன் துடுப்பு போன்ற மூடியோ வைக்கிறார்கள். உள்ளே கம்பியைச் சுருட்டி வைத்து ஓரளவு ஈடு கட்டுவார்கள். முழுவதும் ஈடு கட்ட முடியாது. சிலவற்றில் அலையைப் பெருக்க ஒரு சின்னப் பெட்டியும் இருக்கும். செட்டை மாற்றும்போது அந்தப் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் வயரை இணைக்காமல் விட்டுவிட்டால், புது செட் பழைய செட்டை விட மோசமாகப் பாடும். புது செட் போட்ட பிறகு ரேடியோ கெட்டது என்பவர்கள் இதை முதலில் கேளுங்கள்.

நம் வண்டியில் குச்சியைக் கழற்றினால் அடியில் துரு. கூரைத் தகட்டோடு எர்த் சரியாகப் படவில்லை. துருவைச் சுரண்டி, கொஞ்சம் நீளமான ஏரியல் ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கி மாட்டினார். அதன் பிறகு 100.5 கரகரப்பில்லாமல் கேட்டது.

மூட்டையோடு எடை போட்ட வாட்ஸ்

மூன்றாவது செட். நம் செட்டில் கோளாறு எதுவும் இல்லை, மாற்றவும் இல்லை. ஆனால் கடைக்காரர் காட்டிய புது செட்டின் அட்டையில் "50 வாட்ஸ் X 4" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததே என்று கேட்டோம். அதற்கு அவர் சொன்னதைக் கேட்டால் நம் ஆட்களுக்கு உடனே விளங்கும்.

வண்டி ஓடும்போது மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். வேறு பெருக்கி எதுவும் இல்லாமல் இந்த மின்சாரத்தில் ஒரு ஸ்பீக்கருக்குச் சுத்தமான ஒலியாகக் கொடுக்க முடிந்தது கணக்குப்படி 26 வாட்ஸைத் தாண்டாது. நடைமுறையில் 15 முதல் 22 வாட்ஸ்தான். ஒலி நொறுங்கி அலறும் அளவுக்கு முழுதாக முறுக்கினால் வரும் எண்தான் அந்த 50. சாக்கு, சணல், கல், மண் எல்லாவற்றோடும் எடை போட்டு மொத்த எடையை எழுதுவது போல. நாம் பார்க்க வேண்டியது நிகர எடை. அது "ஆர்.எம்.எஸ்." என்று எழுதியிருக்கும் எண். அட்டையில் அந்த எண் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் சொன்னார். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது; 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆனால் 89 டெசிபல் திறன் என்று போட்ட ஸ்பீக்கருக்குப் பதில் 92 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், அதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும். ஆம்ப்ளிஃபயர் வாங்கும் காசு அங்கேயே மிச்சம்.

பிளஸ்ஸும் மைனஸும்

நான்காவதாக ஸ்பீக்கர். செட்டில் இருக்கும் பேலன்ஸை இடது பக்கம் மட்டும், வலது பக்கம் மட்டும், பிறகு நடுவில் என்று வைத்துக் கேட்கச் சொன்னார். தனித்தனியாகக் கேட்டபோது மேளச் சத்தம் நன்றாக இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது மேளமே காணாமல் போனது! ஒரு பக்கம் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் இப்படித்தான் ஆகும். ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். மூன்று வருடத்துக்கு முன் இடது கதவில் அடிபட்டு டிங்கரிங் வேலை செய்தோம். அப்போது வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதை மாற்றிப் போட ஐந்து நிமிடம்.

வலது கதவு ஸ்பீக்கரில் மழைத் தண்ணீர் இறங்கி, காகிதக் கூம்பு ஊறிக் காய்ந்து ஓரம் கிழிந்திருந்தது. கம்பெனி ஸ்பீக்கர் பெரும்பாலும் ஒற்றைக் கூம்பு. பேச்சில் "ச", "ட", "த" போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய சத்தம் அதில் மங்கிவிடும். நடுவில் சின்ன ட்வீட்டர் வைத்த ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர் முன் கதவுகளுக்கு ஒரு ஜோடி வாங்கினோம், 3,200 ரூபாய். பின் கதவு ஸ்பீக்கர்களைத் தொடவே இல்லை. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு: 4 ஓம்தானா என்று பாருங்கள், கண்ணாடியை முழுக்க இறக்கினால் காந்தத்தில் இடிக்குமா என்று ஆழத்தை அளந்து கொள்ளுங்கள்.

கதவும் ஒரு பெட்டிதான்

ஸ்பீக்கரை விடக் கதவுதான் முக்கியம் என்றார் பெரியவர். பழைய ரேடியோக்களை மரப்பெட்டியில் வைத்தது அழகுக்கு மட்டுமல்ல. ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் வரும் ஒலி முன்பக்கம் வரும் ஒலியோடு கலந்தால் தாழ்ந்த சுருதி அடிபட்டுப் போகும். டோர் பேடைக் கழற்றிப் பார்த்தால் நம் வண்டிக் கதவில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். தகடு தட்டினால் தகர டின் போல அதிர்கிறது.

அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட்டை வாங்கித் தகட்டில் ஒட்டி, ஓட்டைகளை மூடினார். ஷீட்டுக்கு 2,800 ரூபாய் ஆனது. தார் ஷீட் பாதி விலைக்குக் கிடைக்கும். நம் ஊர் வெயிலில் இளகி நாறும், வேண்டாம் என்றார். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துவாரங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால் கதவு துருப்பிடித்துவிடும்.

ஏரியல் 450, ஸ்பீக்கர் 3,200, ஷீட் 2,800, கூலி 1,500. ஆக மொத்தம் 7,950 ரூபாய். கடைக்காரர் எழுதிக் கொடுத்த 42,000-இல் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை.

ஆம்ப்ளிஃபயர் வேண்டுமானால்

இளைஞர்களுக்குப் பெரிய சத்தம் பிடிக்கும். போடட்டும், தவறில்லை. ஆனால் பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயரில், பேட்டரி அருகிலேயே, ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்த ஒருவர் வண்டியில் ஃபியூஸ் இல்லாத வயர் தகட்டில் உரசி உரசித் தோல் உரிந்து புகைய ஆரம்பித்துவிட்டது. உடனே பேட்டரியைக் கழற்றியதால் வண்டி தப்பியது. செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரைச் செம்பு வயர் என்று விற்கிறார்கள். முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம்.

ஒரிஜினல் வயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். அதற்கென்றே சாக்கெட் கிடைக்கிறது. வாரண்டி உள்ள வண்டியில் வயரை வெட்டினால் மின்சார வேலைக்கு வாரண்டி தர மறுக்கலாம். ஏர்பேக் உள்ள வண்டியில், மஞ்சள் நிறச் சாக்கெட்டையோ மஞ்சள் உறை போட்ட வயரையோ யாரும் தொடக் கூடாது; அது ஏர்பேக் வயர். வெளியில் வாங்கிப் பொருத்திய செட்டுக்கு இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் தனியே பிரீமியம் கட்டிப் பாலிசியில் சேர்க்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐந்தாவது செக்போஸ்ட்

எல்லாம் முடிந்ததும் செய்தி போட்டுக் கேட்டோம். டிரைவர் தம்பி, "மணி அடிச்ச மாதிரி இருக்கு முதலாளி" என்றார். நமக்கும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வைத்த சத்தம் நமக்குப் போதவில்லை. இரண்டு புள்ளி கூட்டினோம். பெரியவர் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, நாலு செக்போஸ்ட் பார்த்துட்டேன். அஞ்சாவது நம்ம கையில இல்ல. ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்றார்.

போனோம். காதில் ஹெட்போன் மாட்டிச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் மெல்லிய, உயர்ந்த சுருதிகள் குறைந்திருக்கின்றன என்று கோடு போட்டுக் காட்டினார் டாக்டர். வயது ஒரு காரணம். சின்ன வயதில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். பதினைந்து வருடம் பருப்பு மில்லுக்குள்ளேயே இருந்தோம் என்றோம். அதுவும்தான் என்றார்.

அமெரிக்க அரசின் தொழில் நல ஆய்வு அமைப்பான நியோஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி. மில்லிலும் மாவு அரைவையிலும் நாள் முழுக்க நிற்கும் நம்மவர்கள் யாரும் இதைப் பார்த்ததில்லை. கத்திப் பேசிப் பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

ஆக, 16,000 ரூபாய் நஷ்டத்துக்கு ஸ்பீக்கர் ஒரு காரணம், கதவு ஒரு காரணம். நம் காதும் ஒரு காரணம். 42,000 ரூபாய் செலவழித்திருந்தால் சத்தத்தை ஏற்றி வைத்து, இருக்கிற காதையும் கெடுத்துக் கொண்டிருப்போம். இந்த உண்மை தெரிந்தே இருக்காது. இப்போது ஒரு காதில் கருவி மாட்டியிருக்கிறோம். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது வாடிக்கையாளர் கேட்பது இரண்டாம் தடவை கேட்காமலே விளங்குகிறது. அதற்குப் பிறகு கூச்சம் போய்விட்டது.

அன்பர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது மூன்று. ரேடியோ சரியில்லை என்றால், முதலில் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பிறகு ஏரியல், ஸ்பீக்கர், கதவு என்று வரிசையாகப் பாருங்கள். கடைசியில்தான் கடைக்குப் போங்கள். மில்லிலும் அரைவையிலும் வேலை செய்கிறவர்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், வருடம் ஒருமுறை காதைச் சோதித்துக் கொள்ளுங்கள். மில்லில் நிற்கும் பிள்ளைகளுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். மூன்றாவது, போனில் விலை பேசினால் எண்ணைத் திருப்பிச் சொல்லுங்கள். "தொண்ணூத்தாறா? ஒன்பது ஆறா?" என்று கேளுங்கள். முடிந்தால் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஒரு தடவை கேட்க அரை நிமிடம் ஆகும். கேட்காமல் விட்டதற்கு நாம் 16,000 ரூபாய் கட்டினோம்.